எசப்பாட்டுக் காளியாயி

காளியாயியிடம் எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. "மண்ணெண்ணெய் கெடைச்சுதா?" என்று கேட்டால்கூட, கையில் இருக்கும் வேலையை முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, அதற்குப் பிறகுதான் "கெடைச்சிச்சு" என்பாள். கேட்டவர் அதற்குள் அடுத்த தெருவில் இருப்பார். நாயுடுபுரத்தில் அவளுக்கு 'மந்தம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்தவர்கள் எல்லாரும் வேகமாகப் பேசுகிறவர்கள். அந்த வேகத்தால் அவர்கள் என்னத்தைச் சாதித்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

மேல்மலையில் கிளாவரை என்ற ஊரில் பூண்டு போட்டுப் பிழைத்த குடும்பம் அது. இரண்டு வருஷம் அடுத்தடுத்து உறைபனி விழுந்து பூண்டு கருகியது. 1952இல் அவள் புருஷன் மணியன் இரண்டு மட்டக்குதிரைகளையும், மனைவியையும், கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் திரும்பி வந்துவிட்ட தங்கச்சி சின்னத்தாயியையும் கூட்டிக்கொண்டு நாயுடுபுரம் வந்து சேர்ந்தான். மேல்மலை ஊர்களிலிருந்து உருளைக்கிழங்கைக் குதிரையில் ஏற்றி மண்டிக்குக் கொண்டுவருவது அவன் பிழைப்பு. மண்டி பள்ளத்தில் இருந்தது. லாரி நிற்கும் ரோடு மேட்டில். நடுவே நூற்றுப் பதினெட்டுப் படிகள். அந்தப் படிகளில் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போவது காளியாயிக்கும் சின்னத்தாயிக்கும் பிழைப்பு. ஆண்களுக்கு முழு மூட்டை, பெண்களுக்கு அரை மூட்டை. மேட்டிலிருந்து லாரி ஒட்டன்சத்திரத்துக்குப் போய்விடும். கிழங்கை வாங்கித் தின்றவன் எவனும் அந்தப் படியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டான்.

இந்த இரண்டு பெண்களும் பாடினார்கள். எப்படிப் பாடினார்கள் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். விஷயமே அதில்தான் இருக்கிறது.

சுமையோடு படி ஏறுகிறவளுக்குப் பாட மூச்சு கிடையாது. சுமையை இறக்கிவிட்டு வெறுந்தலையோடு இறங்குகிறவளுக்குத்தான் உண்டு. ஒருத்தி இறங்கும்போது மற்றவள் ஏறிக்கொண்டிருப்பாள். சின்னத்தாயி இறங்கிக்கொண்டே ஒரு கேள்வியைப் பாட்டாகப் போடுவாள். காளியாயி தலையில் அரை மூட்டையோடு அதைக் கேட்டுக்கொண்டே ஏறுவாள். அந்த ஏற்றத்தில், கழுத்து நரம்பு புடைத்து நிற்கும்போது, அவளுக்குள் பதில் உருவாகும். மேலே லாரியில் மூட்டையைத் தள்ளிவிட்டுத் திரும்பி, முதல் படியில் கால் வைக்கும்போது அதைப் பாடுவாள். சின்னத்தாயி அப்போது கீழே அடுத்த மூட்டையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டிருப்பாள். அதாவது ஒரு பதிலுக்கு ஒரு மூட்டை நேரம்.

ஒருத்தி கேட்க, மற்றவள் மடக்கிப் பாடுவதை எசப்பாட்டு என்பார்கள். மதினியும் நாத்தனாரும் பாடினால் அதில் பாதிக்கு மேல் கிண்டல்தான் இருக்கும்.

"மேட்டுல ஏறயில மேமூச்சு வாங்குதுன்னா – எங்கண்ணன்
வீட்டுல சோறாக்க விடிஞ்சிருமோ மதினியாரே?"

இது சின்னத்தாயி. ஒரு மூட்டை மேலே போகும். பிறகு காளியாயியின் கரகரத்த குரல் இறங்கி வரும்:

"மூட்டையத் தூக்கி நானு முந்நூறு நட நடந்தேன் – ஒங்கண்ணன்
பாட்டக் கேட்டுக்கிட்டே பானைய வக்கட்டுமே!"

கீழே குதிரையிலிருந்து கிழங்கு இறக்கிக்கொண்டிருக்கும் மணியன் தலையைக் குனிந்துகொள்வான். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

இதில் ஒரு சட்டம் இருந்தது. கேட்ட பாட்டுக்குப் பதில் வராமல் அடுத்த பாட்டை எடுக்கக் கூடாது. கிளாவரையில் எதிரெதிர்ச் சரிவில் களை எடுத்துக்கொண்டு பாடிய காலத்திலிருந்தே அப்படித்தான். காத்திருக்கத் தெரியாதவள் பாட வரக் கூடாது.

சின்னத்தாயியின் குரல் தேன். படியில் போகிறவர்கள் அதைக் கேட்டு நிற்பார்கள். காளியாயியின் பதிலைக் கேட்டுச் சிரிப்பார்கள். நின்றதை எல்லாரும் நினைவில் வைத்துக்கொண்டார்கள். சிரித்தது யாரால் என்பது மறந்துபோயிற்று. ஊர் அப்படித்தான். காளியாயி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாட்டில் பாதி தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும், சின்னத்தாயிக்கும் தெரியும். அது போதுமாக இருந்தது, 1957 வரை.

அந்த வருஷம் சுமைதூக்குவோர் சங்கத்தின் செயலாளர் குருநாதனுக்கு ஒரு யோசனை வந்தது. குருநாதன் பழனிக்காரர். அடிவாரத்தில் அப்பாவின் பூஜைச் சாமான் கடையை விட்டுவிட்டு மலைக்கு வந்து சங்கம் கட்டியவர். நல்ல மனுஷர். நோட்டீஸ் எழுதுவதில் சூரர். ஆனால் அவர் கூட்டம் போட்டால் பன்னிரண்டு பேர் வருவார்கள், அதிலும் நாலு பேர் தூங்குவார்கள். ஆகவே ஒரு மைக் செட்டை வாடகைக்கு எடுத்தார். மாதத்தின் முதல் ஞாயிறு, மண்டியை ஒட்டிய திடலில், சாயங்காலம் நாலு மணிக்கு யார் வேண்டுமானாலும் மேடை ஏறலாம். பாட்டு, கதை, நையாண்டி, எதுவானாலும் சரி. ஒரு முறைக்கு ஐந்து நிமிடம். எல்லாரும் முடித்த பிறகு குருநாதன் அரை மணி நேரம் பேசுவார். அந்த அரை மணிக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

கூட்டம் வந்தது. குதிரைக்காரர்கள், தோட்டக்காரர்கள், பங்களாச் சமையல்காரர்கள், சலவைக்காரர்கள் என்று திடல் நிறைந்தது. ஒரு பங்களாவில் பட்லராக இருந்தவர், தன் துரைசாணி கீரைக்காரியிடம் தமிழில் பேரம் பேசுவதை நடித்துக் காட்டினார். ஜனங்கள் சிரித்து உருண்டார்கள். அடுத்து எசப்பாட்டு என்று அறிவித்தார்கள். காளியாயியும் சின்னத்தாயியும் ஏறினார்கள். தார் டிரம்மின் மேல் பலகை போட்ட மேடை அது.

மைக் செட்டுக்காரர் தங்கமுத்து திண்டுக்கல்லிலிருந்து சாமானோடு ஏறி வந்தவர். மைக்கைத் தன் மூத்த மகன் போலப் பார்த்துக்கொள்வார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே மைக்குதான். ஒட்டி நில்லுங்க."

"ஒட்டி நின்னு பாடி வழக்கமில்லண்ணே," என்றாள் சின்னத்தாயி.

"கல்யாணப் போட்டோவுக்கு நிப்பீகள்ல, அந்த மாதிரி நில்லுங்க. மைக்க முழுங்கிறாதீக. அது வாடகைச் சாமான்."

ஒட்டி நின்றார்கள். சின்னத்தாயி எடுத்தாள்:

"பூண்டு உரிச்ச கையி பூவாட்டம் மணக்குதுன்னு – எங்கண்ணன்
தாண்டிக் குதிச்சு வந்தான், சங்கதியென்ன மதினியாரே?"

பைன் மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து அந்தக் குரல் கிளம்பி எதிர்மலையைத் தொட்டது. ஜனங்கள் கை தட்டினார்கள். எல்லார் கண்ணும் காளியாயியின் பக்கம் திரும்பியது.

காளியாயி நின்றாள். தலையில் கனம் இல்லை. காலுக்குக் கீழே படி இல்லை. பதில் எங்கேயிருந்து வரும்? பலகைமேல் அவள் கால்கள் தாமாகவே எடை மாற்றி மாற்றி ஊன்றின. மைக்கின் துளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றிலும் பதில் இல்லை.

"மைக்கு கேக்குது, மதினியத்தான் கேக்கல!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏலே, சும்மா இருங்கலே. யோசிக்கிறாக."

"யோசிச்சு முடிக்கட்டும், நாங்க சோறு தின்னுட்டு வாரோம்."

சின்னத்தாயி அசையாமல் காத்திருந்தாள். அவளுக்குப் பழக்கம்தான். ஜனங்களுக்குப் பழக்கமில்லை. சிரிப்பு முன்வரிசைக்கும் வந்துவிட்டது. குருநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். தங்கமுத்து, "கரண்டு செலவாகுதும்மா" என்றார். காளியாயி மேடையை விட்டு இறங்கினாள். யாரையும் பார்க்காமல் திடலைத் தாண்டி, படியில் ஏறி வீட்டைப் பார்க்க நடந்தாள்.

நாற்பதாவது படியில் பதில் வந்தது.

"வேண்டாம் போன்னு சொன்னேன், வெரட்டி வெரட்டிச் சொன்னேன் – ஒங்கண்ணன்
தோண்டி வச்ச கெழங்காட்டம் தொழுவத்துல கெடந்தாரே!"

யாரிடம் பாடுவது? கீழே வேறொருவர் காவடிச்சிந்து ஆரம்பித்துவிட்டார். அன்று வீட்டில் அடுப்பங்கரையில் அதைச் சின்னத்தாயியிடம் முணுமுணுத்தாள். சின்னத்தாயி சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமினாள். இருமல் நின்றதும் இரண்டு பேரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பத்து நாள் கழித்துக் குருநாதன் மண்டிக்கு வந்தார். சங்கத்துக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு காரியம் நடக்கவில்லை என்றால், அது ஏன் நடக்கவில்லை என்று கேட்காமல், அதில் ஒரு ஆளைக் குறைத்துவிடுவார்கள்.

"அடுத்த மாசம் சின்னத்தாயி மட்டும் பாடட்டும்," என்றார். "அந்தக் கொரலுக்குத் தொணை எதுக்கு? சனங்க அதத்தான் கேக்க வாராங்க."

"மதினி இல்லாட்டிப் பாட்டு பாதில நிக்குமுங்க," என்றாள் சின்னத்தாயி.

"ஏன் நிக்குது? ரெண்டையும் நீயே பாடு. கேள்வியும் நீ, பதிலும் நீ. போர்டுல பேரு எழுதியாச்சு." பிறகு காளியாயியின் பக்கம் திரும்பினார். "ஒனக்கு ஒண்ணும் வருத்தமில்லையேம்மா?"

காளியாயி சும்மாட்டைத் தலையில் வைத்தாள். இடுப்புயரக் கல்லின் மேலிருந்த அரை மூட்டையை இழுத்துத் தலைக்கு ஏற்றிக்கொண்டு படியைப் பார்க்க நடந்தாள். குருநாதன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். காளியாயி மூட்டையைப் போட்டுவிட்டு இறங்கி வந்து, அவர் நின்ற இடத்தில் நின்றாள்.

"இருக்கு," என்றாள்.

கேட்க ஆளில்லை. சின்னத்தாயி மட்டும்தான்.

"நான் போக மாட்டேன் மதினி."

"போ. போகலன்னா, ரெண்டு பேருமே கட்டத்தொண்டைன்னு முடிவு கட்டிருவாக. ஒன் கொரலாவது மேல ஏறட்டும்."

"பாதிப் பாட்ட வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

காளியாயிக்கு அது உண்மையிலேயே தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். சின்னத்தாயி ஒருமுறை தனியாகப் பாடிக் கை தட்டல் வாங்கிவிட்டால், பிறகு படியிலும் அவள் பதிலுக்காக நிற்க வேண்டியதில்லை. ரெண்டையும் அவளே பாடலாம். பள்ளத்திலும் மேட்டிலும் சேர்ந்து தங்களுக்கென்று இருந்த ஒரே விஷயம் அதோடு போய்விடும். மூட்டை மட்டும் மிஞ்சும். ராத்திரி படுத்தாலும் இதுவே நெஞ்சில் உருண்டது. மணியனிடம் சொன்னாள். அவன், "பாட்டுதானே" என்று திரும்பிப் படுத்தான்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு, காலையில் வர வேண்டிய லாரி மலைப்பாதையில் பழுதாகி, மூன்று மணிக்கு மேல்தான் வந்து சேர்ந்தது. எல்லாரும் கூடிப் பெரும்பாலும் ஏற்றிவிட்டார்கள். நாலு மணிக்குக் குழாய் அலற ஆரம்பித்ததும் ஒவ்வொருவராகத் திடலுக்கு நழுவினார்கள். அரை மூட்டைகள் எட்டு மிச்சம்.

"நீங்க போங்க. நான் போட்டுட்டு வாரேன்," என்றாள் காளியாயி.

அவள் பெருந்தன்மையாகச் சொல்கிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. தரையில் உட்கார்ந்து சின்னத்தாயி தனியாகப் பாடுவதைப் பார்க்க அவளால் முடியாது. மூட்டை தூக்கினால் கழுத்துதான் வலிக்கும்.

மேலே லாரி டிரைவர் பொன்னுவேல் பின்பலகையில் நின்றுகொண்டு மூட்டைகளை வாங்கி அடுக்கினான்.

"வெரசாப் போடுங்கக்கா. இருட்டுறதுக்குள்ள பெருமாள்மலையத் தாண்டணும்."

இரண்டாவது மூட்டையைத் தலைக்கு ஏற்றி, முதல் படியில் கால் வைத்தபோது, குழாயில் சின்னத்தாயியின் பெயரைச் சொன்னார்கள். காளியாயி நிற்கவில்லை. நிற்கவும் முடியாது. சுமையோடு நிற்பது ஏறுவதைவிடக் கஷ்டம். பின்னாலிருந்து அந்தக் குரல் ஏறி வந்தது. குழாய் வைத்திருந்ததால் படி முழுக்கக் கேட்டது:

"ஒத்தக்கால் கொக்குப் போல ஒசரத்துல நிக்கவச்சு – எம்மதினி
பத்து மூட்ட தூக்கி நீ பாதையில போறதென்ன?"

கை தட்டல் கேட்டது. பிறகு அடங்கியது. காளியாயி இருபது படி ஏறினாள். அடுத்து பதிலையும் அவளே பாடுவாள் என்று காத்துக்கொண்டே ஏறினாள். முப்பது. குழாயில் ஒரு சத்தமும் இல்லை. நாற்பது. கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். குழாய் வழியாகக் குருநாதனின் குரல் தூரத்தில் கேட்டது: "பாடும்மா. மிச்சத்தையும் பாடு." பதிலுக்குச் சின்னத்தாயி சொன்னது மைக்கில் தெளிவாக விழுந்தது.

"கேட்டுருக்கேன். பதில் வரட்டுமுங்க."

ஐம்பதாவது படியில் காளியாயிக்குப் பதில் வந்துவிட்டது. வேண்டாம் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவளை வேண்டாம் என்றவர்கள் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள். மந்தம் என்றவர்கள் இருக்கிறார்கள். சோறு தின்றுவிட்டு வருகிறோம் என்றவனும் இருப்பான். இந்த மூட்டையை இறக்கி, வாயை மூடிக்கொண்டு அடுத்த மூட்டைக்குப் போனால் முடிந்தது. யாரும் அவளைக் கேட்கப் போவதில்லை. அவள் பெயர்தான் போர்டில் இல்லையே.

"இறங்கும்மா, அடுத்த ஆளு நிக்கிறாக!" என்று யாரோ கத்தினார்கள். "போன மாசம் அது, இந்த மாசம் இது. குடும்பமே ஊமையா?"

மேலே வந்து சேர்ந்தாள். பொன்னுவேல் மூட்டையை வாங்கிக்கொண்டே கீழே எட்டிப் பார்த்தான். "ஏங்க்கா, அந்தப் பொம்பள ஏன் அப்படியே நிக்கிது? மைக்குக்காரர் எறக்கிவிடப் பாக்குறாரு. கம்பிய விட மாட்டேங்குதே."

காளியாயி திரும்பிப் பார்த்தாள். திடல் உள்ளங்கையளவு தெரிந்தது. மேடையில் சின்னத்தாயி இரண்டு கையாலும் மைக்கின் தண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தங்கமுத்து ஒரு கையில் அடுத்துப் போடவிருந்த இசைத்தட்டோடு அவளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. கூட்டத்தையும் பார்க்கவில்லை. படியின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காளியாயிக்கு அப்போதுதான் உறைத்தது. இவள் பாடத் தெரியாமல் நிற்கவில்லை. அத்தனை பேர் சிரிப்பையும் வாங்கிக்கொண்டு, மதினி பாடாமல் போனால் இந்த ஊரில் தலைகாட்ட முடியாது என்று தெரிந்தே நிற்கிறாள். தன் மானத்தை மொத்தமாகத் தூக்கி இந்தப் படியில் வைத்துவிட்டாள். இனி அதை எடுப்பதும் மிதிப்பதும் காளியாயியின் காலில்.

முதல் படியில் கால் வைத்தாள். வைத்துக்கொண்டே பாடினாள்:

"கொக்குக்கு மேடையின்னா கொரங்குக்கு மரமிருக்கு – நாத்தனாரே
பக்குன்னு முழிக்காதடி, பாரமெறக்கி வந்துட்டேன்!"

மைக் இல்லை, குழாய் இல்லை. எதிர்ச்சரிவில் களை எடுக்கிறவளுக்குக் கேட்கப் பாடிப் பழகிய தொண்டை. அது நூற்றுப் பதினெட்டுப் படியையும் தாண்டித் திடலில் விழுந்தது. உட்கார்ந்திருந்த கூட்டம் மொத்தமும் கழுத்தைத் திருப்பியது. பிறகு எழுந்த சிரிப்பு படியில் மேலேறி வந்து அவள் நெஞ்சில் மோதியது. போன மாதச் சிரிப்பு வேறு, இது வேறு. காளியாயிக்கு வித்தியாசம் தெரியும்.

அவள் இறங்கி வந்து மூட்டை இருந்த கல்லுக்குப் பக்கத்தில் நின்றபோது, முன்வரிசையிலிருந்து ஒரு குதிரைக்காரர் ஓடி வந்தார்.

"மூட்டைய நாங்க தூக்குறோம்த்தா. நீ மேடைக்கு வா."

காளியாயி சும்மாட்டைச் சரிசெய்துகொண்டாள். மூட்டையை இழுத்தாள். "மூட்டைய நீங்க தூக்கிட்டா, பாட்ட யாரு தூக்குறது?" என்றாள். குதிரைக்காரர் வழிவிட்டார்.

அவள் படியில் கால் வைத்ததும் சின்னத்தாயி அடுத்ததை எடுத்தாள். இந்த முறை குருநாதனைப் பார்த்துக்கொண்டே பாடினாள்:

"அஞ்சு நிமிசமின்னு அளந்து வச்ச கடியாரமாம் – மதினி
கெஞ்சி நின்னாத் தருவாரோ, கேட்டுச் சொல்லு மேலயிருந்து!"

குருநாதனின் கை சட்டைப் பையிலிருந்த கடிகாரத்தை எடுத்தது. ஐந்து நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. மேடையை நோக்கி இரண்டு அடி வைத்தார். முன்வரிசையில் பட்லர் கையை உயர்த்தினார். "உக்காருங்க சார். பதில் ஏறிக்கிட்டு இருக்குல்ல." குருநாதன் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது யாரும் ஏற்பாடு செய்தது இல்லை. திடலில் இருந்த அத்தனை பேரும் ஒரு பெண் மூட்டையோடு படி ஏறுவதைப் பார்த்தார்கள். தினம் பார்க்கிற காட்சிதான். ஆனால் அன்றுதான் முதல் படியிலிருந்து கடைசிப் படிவரை பார்த்தார்கள். அறுபதாவது படியில் அவள் கால் ஒரு கணம் தயங்கியதைப் பார்த்தார்கள். கழுத்து முன்னால் சாய்ந்ததைப் பார்த்தார்கள். ஒருவரும் விசில் அடிக்கவில்லை. தங்கமுத்து மரத்தில் ஏறிக் குழாயின் வாயைப் படியின் பக்கம் திருப்பிக் கட்டினார். வாடகைச் சாமானுக்கு அவர் யாருக்காகவும் மரம் ஏறியது கிடையாது.

மேலிருந்து வந்தது:

"பஞ்சு மூட்டையின்னாப் பறந்து வந்து பாடிடுவேன் – நாத்தனாரே
நெஞ்சமுக்கும் கெழங்கு மூட்ட நேரம் பாத்தா ஏறுமடி?"

பட்லர் எழுந்து நின்று கை தட்டினார். குருநாதன் கடிகாரத்தைப் பைக்குள் போட்டுவிட்டார். மண்டியில் நின்ற மணியன், பக்கத்தில் இருந்தவரிடம், "நம்ம வீட்டுக்காரிதான்," என்றான். பாட்டுதானே என்று சொன்ன ஆள்.

இப்படி ஒவ்வொரு மூட்டையாகப் போயிற்று. கூட்டம் திரும்பிப் படியைப் பார்க்க உட்கார்ந்துகொண்டது. மேடையில் நின்றவளுக்கு முதுகுதான் தெரிந்தது. அவளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. மூட்டையும் பாட்டும் ஏறி இறங்க ஒரு மணி நேரம் ஆனது. பனிமூட்டம் பள்ளத்திலிருந்து கிளம்பி வந்தது. காளியாயி அதற்குள் போய்விட்டாள். கடைசி இரண்டு பதில்களைக் கூட்டம் ஆளைப் பார்க்காமலே கேட்டது. சங்கத்தின் எந்தப் பேச்சுக்கும் அந்தத் திடல் அப்படிக் காது கொடுத்ததில்லை. சங்கத்தை மதிக்கிறவனுக்கு இதை எழுதுவது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உண்மை.

இரண்டு மூட்டை மிச்சமிருந்தபோது சின்னத்தாயி, "அம்புட்டுத்தானுங்க. லாரி போகணும்," என்று மைக்கில் சொல்லிவிட்டு இறங்கினாள். அவளுக்குப் போர்த்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு குருநாதன் மேடைக்கு வருவதற்குள் அவள் ஒரு மூட்டையோடு படியில் இருந்தாள். குருநாதன் பின்னாலேயே ஓடினார். கல்லின் மேல் கடைசி மூட்டை கிடந்தது. அதைத் தூக்கக் காளியாயி இன்னும் இறங்கி வரவில்லை. அவர் ஒரு நிமிடம் அதைப் பார்த்தார். பிறகு அந்தத் துண்டையே சுருட்டித் தலையில் வைத்தார்.

சங்கம் ஆரம்பித்து மூன்று வருஷத்தில் செயலாளர் மூட்டை தூக்கியது அன்றுதான். அரை மூட்டைதான். முப்பதாவது படியில் உட்காரப் பார்த்தார். எதிரே இறங்கி வந்த காளியாயி, "உக்காராதீக. உக்காந்தா எந்திரிக்க முடியாது," என்று சொல்லிவிட்டு, கூடவே திரும்பி ஏறினாள். தொடவில்லை, தாங்கவில்லை. பக்கத்தில் நடந்தாள். அவருக்கு எந்தப் படியில் மூச்சை இழுக்க வேண்டும், எந்தப் படியில் விட வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மேலே பொன்னுவேல் மூட்டையை வாங்கினான். குருநாதன் லாரியின் சக்கரத்தில் சாய்ந்து நின்றார். பேச வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. அரை மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் பேசுகிற மனுஷர். காளியாயியும் சின்னத்தாயியும் தார்ப்பாயை இழுத்து மூடிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அந்தக் கொக்குப் பாட்ட அம்புட்டு ஒசரத்துல எடுக்கலாமாடி?" என்றாள் காளியாயி. "நான் எம்பி எம்பிப் பிடிக்க வேண்டியிருந்துச்சு."

"பயத்துல ஒசந்துபோச்சு மதினி. நீ வருவியா மாட்டியான்னு."

"வராம?"

"ஒண்ணுமில்ல. கயித்த இழு."

குருநாதனுக்கு மூச்சு ஒரு வழியாகத் திரும்பியது. அவர் கேட்டது மன்னிப்பு மாதிரி இல்லை. சங்கத்துக்காரருக்கு அது வராது. "அடுத்த மாசம் ரெண்டு பேரும்தான். மேடைய இங்க இருந்து நல்லாத் தெரியிற மாதிரி போடச் சொல்றேன். நேரம் எவ்வளவுன்னு எழுத?"

"எத்தன மூட்ட கெடக்கோ அத்தன," என்றாள் சின்னத்தாயி.

"போர்டுல ரெண்டு பேரு பேரையும் போட்டுடறேன். மொதல்ல காளியாயி பேரப் போடவா?"

காளியாயி கயிற்றைக் கொக்கியில் மாட்டினாள். காலை ஊன்றி இழுத்து முடிச்சுப் போட்டாள். முடிச்சை ஆட்டிப் பார்த்தாள். பொன்னுவேல் வண்டியைக் கிளப்பி, விளக்கைப் போட்டு, வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். குருநாதன் காத்திருந்தார்.

"அவ பேரப் போடுங்க மொதல்ல," என்றாள். "கேக்குறவ முன்னால, சொல்றவ பின்னால. அதுதான் வழக்கம். எம்பேரு பின்னாலதான் வரணும். ஆனா வரணும்."